மாமிக்கு வாங்கிய தோல் கதிரை

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஓர் அளவு சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹோல் பதினோரு அடிக்குப் பத்தடி. அதற்குள் மூன்று பேர் சாய்ந்திருக்கிற ஒரு செட்டி, டிவி, கைக்குழந்தையின் தொட்டில், மகள் பாடம் செய்கிற மடக்கு மேசை, கதவோரம் என்னுடைய சப்பாத்தும் மழைக்கோட்டும். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் கிடையாது, இடுப்பளவுக்கு ஒரு பலகை மட்டும்தான். சாய்ந்தமருதில் என் மனைவியின் வீட்டு விறாந்தையில் இப்படி இரண்டு ஹோலை வைக்கலாம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடுவில் ஒரு சுவர் இல்லாமல் போனதால் எங்களுக்கு வந்த வினையைச் சொல்லவே இந்த அளவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய நகரத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பஸ் ஓட்டுகிறேன். கல்முனை டிப்போவில் சாரதி வேலைக்கு இரண்டு தரம் மனுப்போட்டு இரண்டு தரமும் கிடைக்காதவன், இங்கே சீருடையும் கழுத்துப்பட்டியுமாக ஓட்டுகிறேன். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவனின் வீட்டில் ஒரு மனுசி நான்கு மாதமாக நின்றுகொண்டே இருந்தார். அவர் என் மாமி, மனைவி றிஸ்மியாவின் உம்மா.

எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று ஆறு மாத விசாவில் அவரை எடுப்பித்தோம். விசாவுக்குக் கேட்ட கடதாசிகளைச் சேர்த்ததே தனிக்கதை, அதை விட்டுவிடுகிறேன். மாமி வந்து இறங்கினார், பேத்தியைக் கையில் வாங்கினார், குசினியைப் பொறுப்பெடுத்தார். ஆனால் நான் வீட்டில் இருக்கும் வரைக்கும் அவர் உட்காரவில்லை.

உங்களில் பலருக்கு இது விளங்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போன வீட்டில் அவனுக்கு நடக்கிற ராசமரியாதையில் ஒரு பங்கு, மாமி அவன் முன்னால் உட்காரமாட்டார், நேரே கதைக்கமாட்டார். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். "மகள், மருமகனுக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வைங்க" என்பார். சாப்பிடுகிறவன் நான், உத்தரவு அவளுக்கு. இந்தக் காலத்தில் ஊரில் இது எவ்வளவோ குறைந்துவிட்டது. எனக்கு மூத்தவன் என் காக்கா, அவனுடைய மாமி அவனோடு ஒரே செட்டியிலிருந்து செய்தி பார்த்து அவனோடு அரசியலில் சண்டையும் பிடிக்கிறார். எங்கள் மாமி அந்த வகை இல்லை. கல்யாணம் முடித்துப் பதினைந்து வருடத்தில் அவர் என்னோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை, நான் கோபக்காரனும் இல்லை.

ஊரில் அதற்குத் திரை இருந்தது, அறை இருந்தது, பின்வளவு இருந்தது. இங்கே ஒன்றுமில்லை. ஆகவே என் திறப்பு கதவில் திரும்புகிற சத்தம் கேட்டதும் மாமி எழும்பிப்போய் அந்தப் பலகைக்குப் பின்னால் அடுப்பைப் பார்த்தபடி நிற்பார். நான் தூங்கப் போகும் வரைக்கும் நிற்பார். மாதங்கள் போகப்போக அவருடைய கணுக்கால் வீங்கிக்கொண்டு வந்தது. டொக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழிந்தே கிடந்தது. "நிற்கக் கூடாது. காலை உயர்த்தி வைத்து உட்கார வேண்டும். இந்த வீக்கத்தோடு விமானம் ஏறுவதை யோசிக்கவே வேண்டாம்" என்றார். றிஸ்மியா தமிழில் சொல்லச் சொல்ல மாமி எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அன்று பின்னேரம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் எழும்பி நின்றார்.

அதன் பிறகு நான் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எங்கள் தெரு முனையிலுள்ள பஸ் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகத் தொடங்கினேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் தங்கள் பஸ்ஸை நிறுத்தி, ஏறவில்லையா என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

2

வினை மகளின் கட்டுரையில் வந்தது.

ஸைனபுக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறாள், அதைப் பற்றி நான் கதைப்பதை விட்டு இரண்டு வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் "எங்கள் வீட்டு ஆட்கள்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் உண்மையைத்தான் எழுதினாள். "என் உம்மம்மாவுக்குக் கால் நோகும். ஆனால் வாப்பா வீட்டில் இருக்கும்போது உம்மம்மா உட்காரக் கூடாது. வாப்பா வந்தால் அவர் குசினியில் நிற்க வேண்டும்."

பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் தொலைபேசி வந்தது. பிறகு நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. முதியவர்களின் நலன் பார்க்கும் பிரிவு என்று தலைப்பில் இருந்தது. கடிதத்தின் தமிழ் அர்த்தம் இவ்வளவுதான்: உங்கள் வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் சரியாக நடத்தப்படுகிறாரா என்று பார்க்க வருகிறோம். நான் பொதுமக்களை ஏற்றி இறக்குகிறவன். என் பெயரில் ஒரு முறைப்பாடு பதிவானால் சாரதி அனுமதிப்பத்திரம் வரைக்கும் போகும். பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிற வீடு. அதற்கு மேல் என்னென்ன நடக்கும் என்று நினைத்து நினைத்துக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மகளைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பெரிய சத்தம்தான்.

"நான் பொய் எழுதல்ல வாப்பா" என்று அவளும் ஆங்கிலத்திலேயே அழுதாள். "உம்மம்மா நிக்கிறாதானே? நீங்க இருங்கன்னு சொல்லவே இல்லையே?"

மருமகன் மாமியைப் பார்த்து "இருங்க" என்று சொல்வது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய அதிகப்பிரசங்கித்தனம் என்று அவளுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

இத்தனைக்கும் மாமி குசினியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளை படிப்பில் ஏதோ பிழை விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, "மகள், புள்ளைய ஏச வேணாமெண்டு செல்லுங்க" என்று றிஸ்மியாவிடம் சொன்னார். றிஸ்மியா என்னைப் பார்த்தாள். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

மாமிக்கு இதைச் சொல்வதில்லை என்று இருவரும் முடிவெடுத்தோம். "தெரிஞ்சா அவ ஒரு நாளும் இஞ்ச இரிக்கமாட்டா" என்றாள் றிஸ்மியா. "மருமகனுக்கு என்னால கெட்ட பேர் வந்திட்டே எண்டு அண்டைக்கே பெட்டியக் கட்டிருவா. அந்தக் காலோட பிளைட்ல ஏறினா என்ன நடக்குமெண்டு டொக்டர் சொன்னதானே. ஒண்டும் சொல்லாதீங்க."

3

வந்தவர் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண் அலுவலர். மரியாதையான பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செட்டியில் உட்கார்ந்தார். நான் அவருக்கு முன்னால் மடக்குக் கதிரையில். மாமி வழக்கம்போல பலகைக்குப் பின்னால் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றார்.

அலுவலர் அவரைப் பார்த்து, வந்து உட்காருங்கள் என்று கையால் காட்டினார். மாமி சிரித்தார், அசையவில்லை. மூன்று தரம் காட்டினார். மூன்று தரமும் மாமி சிரித்தார், மூன்றாம் தரம் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். அலுவலரின் கண் மாமியின் காலுக்குப் போவதையும், அங்கிருந்து எனக்கு வருவதையும் கண்டேன்.

"இது எங்கள் பழக்கம்" என்றேன். "மரியாதை."

"யாருக்கு?"

"எனக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று விளங்கியது. பதினான்கு வருடம் இங்கிலீசில் கதைத்துப் பழகியவன், சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்குப் புரளவில்லை. "நான் வெளியே போனால் அவர் உட்காருவார்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அலுவலர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்.

போகும்போது ஹோலைச் சுற்றிப் பார்த்தார். "இந்த வீட்டில் அவருக்கென்று ஓர் இருக்கை இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. இரண்டு வாரத்தில் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்ப வருவதாகவும், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து மாமியோடு நேரடியாகக் கதைக்கப்போவதாகவும், எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் இதை மேலே அனுப்புவதா மூடுவதா என்று தீர்மானிப்பாராம்.

கதவை மூடியதும் றிஸ்மியா சொன்னாள்: "ஒரு கதிரை வாங்குவம். அவட கதிரை எண்டு ஒண்டு இந்த வீட்டுல இரிக்கட்டும்."

4

பதினோரு அடி ஹோலில் ஒரு கதிரைக்கு இடம் பிடிப்பது சின்ன வேலையில்லை. தொட்டிலை நகர்த்தி, மடக்கு மேசையை மடித்து, ஜன்னலோரம் ஒரு மூலையை மிச்சம் பிடித்தேன். கடைகளின் பக்கங்களைத் தொலைபேசியில் பார்த்து, ஒவ்வொரு கதிரையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் பழைய பத்திரிகையை வெட்டி நிலத்தில் விரித்தேன். சாய்ந்து படுக்கிற வகை சரிவரவில்லை, சாயும்போது சுவரில் முட்டும். அகலக் கைப்பிடி வைத்தது குசினிக்குப் போகிற வழியை மறித்தது. கால் தெரிகிற மாதிரி, கீழே வெளிச்சம் போகிற மாதிரி இருந்தால்தான் சின்ன இடம் அடைபட்டுத் தெரியாதாம். மாமி நிலத்தில் கிடந்த பத்திரிகையை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார். அது எதற்கென்று அவர் கேட்கவில்லை.

தோல்தான் வேண்டும் என்று றிஸ்மியா நின்றாள். மாமி முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறவர், மடியில் பால் கக்குகிற குழந்தை. துணிக் கதிரை ஒரு மாதத்தில் நாறிவிடும், தோலென்றால் துடைத்துவிடலாம். உட்காரும் உயரத்தை நான் பார்த்துக்கொண்டேன். மாமி உயரம் குறைந்தவர். கால் தொங்கினால் வீக்கம் கூடும், பாதம் நிலத்தில் பதிய வேண்டும். றிஸ்மியாவின் காலை அளந்து அதிலிருந்து ஓர் அங்குலம் கழித்தேன்.

சனிக்கிழமை நால்வரும் குழந்தையோடு கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற தம்பி இதை "அக்சென்ட் செயார்" என்றான். மற்றச் சாமான்களுக்கு நடுவில் தனித்து எடுபட்டுத் தெரிவதற்காக வைக்கிற கதிரையாம். பதினைந்து வருடம் என் கண்ணில் படாமல் இருப்பதற்குப் பாடுபட்ட மனுசிக்கு இதைத்தானா வாங்க வந்தோம் என்று ஒரு கணம் யோசித்தேன்.

"என்ன தோல்?" என்று கேட்டேன்.

"அசல் தோல் சேர்."

"எந்த மிருகத்தின் தோல்?"

அவன் விழித்தான். இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போல. உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டிவந்தான். அவர் கதிரையைத் தலைகீழாகப் புரட்டி அடியில் தைத்திருந்த சீட்டைக் காட்டினார். உடம்பு படுகிற இடமெல்லாம் மாட்டுத்தோல், முதுகுப் பின்பக்கமும் பக்கவாட்டும் றெக்சீன். சில கதிரைகளில் உட்புறத்துக்குப் பன்றித்தோல் வைப்பதுண்டு, இதில் இல்லை என்று அவரே விளங்கிக்கொண்டு சொன்னார். மாமி தூரத்தில் விளக்குகள் தொங்குகிற பக்கமாக நின்றார். றிஸ்மியா ஓடிப்போய் அதை அவருடைய காதில் சொல்ல, அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றது எனக்கும் கேட்டது.

கருஞ்சிவப்பில் ஒன்று இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பு, அலுவலகம் மாதிரி. தேன் நிறத்தில் ஒன்று, உயர்ந்த முதுகு, மெல்லிய மரக்கால், சின்னக் கைப்பிடி. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். உயரம் சொல்லிவைத்த மாதிரி வந்தது.

"உம்மா, ஒருக்கா இருந்து பாருங்க" என்றாள் றிஸ்மியா.

மாமி சிரித்தார். நான் அங்கே நிற்கிறேனே. றிஸ்மியா என்னைப் பார்த்துக் கண்ணால் கதவைக் காட்டினாள். நான் அந்த நேரம் வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் என் மண்டைக்குள் வியாழக்கிழமை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாமிக்கு அந்தக் கதிரையை எப்படியாவது பிடிக்க வைக்க வேண்டும் என்ற பதற்றத்தில், இது எவ்வளவு சுகம் என்று காட்ட நானே போய் அதில் உட்கார்ந்துவிட்டேன். முதுகைச் சாய்த்தேன். இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்தேன். காலைக்கூட நீட்டினேன்.

மாமியின் முகம் மலர்ந்தது. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மலர்ச்சியை நான் கண்டதில்லை.

"நல்ல வடிவா இரிக்கி மகள்" என்றார். "மருமகனுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி."

நான் வெற்றி என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே விலாசம் எழுதிக் கொடுத்து, காசையும் கட்டிவிட்டு வந்தேன்.

5

பஸ் தரிப்பிடத்துக்கு வரும் வழியில் மாமியும் ஸைனபும் முன்னால் போனதும் றிஸ்மியா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் அதுல இருந்தீங்க?"

"காட்டத்தானே இருந்தேன்."

"நம்மட ஊட்டுக் கதிரைய மறந்திட்டீங்களா?"

மறந்துதான் இருந்தேன். கல்யாணத்தன்று என்னை ஊர்வலமாகக் கூட்டிவந்து ஹோலில் ஒரு கதிரையில் உட்கார வைத்தார்கள். கல்முனைக் கடையொன்றிலிருந்து அதற்கென்றே வாங்கிய தேக்குக் கதிரை. அன்றிலிருந்து அது மாப்பிள்ளையின் கதிரை. என் மாமனார்கூட அதில் உட்காரவில்லை. ஒரு நாள் கோமாரி என்ற ஊரிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் தெரியாமல் அதில் சாய்ந்துவிட்டார். மாமி அவருக்கான தேத்தண்ணியை விறாந்தையில் கொண்டுபோய் வைத்து, அங்கே காற்று நல்லம் என்று சொல்லி எழுப்பினார். ஒரு வருடம் அந்த வீட்டிலிருந்துவிட்டு நான் இங்கே வந்தேன். பதினான்கு வருடமாக அந்தக் கதிரைக்கு ஒரு துணி போர்த்தியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மாமி அந்தத் துணியைத் தோய்ப்பார். இங்கே வருவதற்கு முதல் வெள்ளியும் தோய்த்துப் போர்த்திவிட்டுத்தான் வந்தாராம்.

அப்படிப்பட்டவருக்கு முன்னால், புதுக் கதிரையில், நான் முதலாவதாக உட்கார்ந்துவிட்டேன். கையை வேறு விரித்து வைத்திருக்கிறேன். அந்தக் கதிரை இனி யாருடையது என்பதில் மாமிக்கு ஒரு சந்தேகமும் இருக்க முடியாது.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். மாற்றித் தரலாம், ஆனால் மூன்று வாரம் எடுக்கும் என்றார்கள். வியாழனுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை கதிரை வந்தது. ஜன்னலோரத்தில் பத்திரிகை விரித்த அதே இடத்தில் இம்மி பிசகாமல் பொருந்தியது. வெயில் பட்டதும் ஹோலே அழகாகிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அன்று நான் வெளியே போய் மூன்று மணித்தியாலம் சுற்றிவிட்டு வந்தேன். மாமி அந்த நேரம் முழுக்கச் செட்டியின் நுனியில் இருந்தாராம், கதிரைப் பக்கம் போகவில்லையாம். செவ்வாய்க்கிழமை அதை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தேன், முதுகு உயரமாக இருப்பதால் அதில் இருக்கிறவரை எனக்குத் தெரியாது. மாமி அதைப் பழையபடி ஹோலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். றிஸ்மியா மகளை உட்காரச் சொன்னாள், ஒருவர் இருந்து பழகட்டும் என்று. ஸைனப் புத்தகத்தோடு போய் ஏறினாள்.

"எழும்புங்க மகள்" என்றார் மாமி மெதுவாக. "வாப்பாட கதிரை அது."

மகள் எழும்பினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய கட்டுரைக்கு இன்னும் ஒரு வரி கிடைத்திருந்தது.

புதன்கிழமை நான் மாமிக்கு விசயத்தைச் சொல்லிவிடுவோம் என்றேன். றிஸ்மியா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். "சொன்னா போயிருவா. சொல்லாட்டி நீங்க மாட்டிருவீங்க. நான் எந்தப் பக்கம் நிக்கிறது, செல்லுங்க பாப்பம்" என்று அழுதாள். அவளுடைய உம்மாவின் கால் ஒரு பக்கம், புருசனின் பெயர் மறுபக்கம்.

6

வியாழக்கிழமை பள்ளிக்கூட விடுமுறை. ஸைனப் வீட்டில் இருந்தாள்.

சரியாகப் பத்து மணிக்கு அலுவலர் வந்தார். செட்டியில் உட்கார்ந்தார். நான் பழையபடி மடக்குக் கதிரையில். றிஸ்மியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அலுவலரின் பக்கத்தில். மாமி பலகைக்குப் பின்னால் பால் காய்ச்சிக்கொண்டு நின்றார். ஜன்னலோரம் தேன் நிறக் கதிரை வெறுமையாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அழகான கதிரை" என்றார் அலுவலர். "யாருடையது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸைனப் சொல்லிவிட்டாள். "வாப்பாவுடையது. வேறு யாரும் உட்காரக் கூடாது."

அலுவலர் அதை எழுதினார். பேனை கடதாசியில் ஓடுகிற சத்தம் கேட்டது. றிஸ்மியா கண்ணை மூடிக்கொண்டாள். அலுவலர் தொலைபேசியை எடுத்து, ஓர் இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டுப் பலகையின் மேல் வைத்தார். மறுபக்கத்தில் ஓர் ஆண் குரல், சென்னைத் தமிழ். மாமி அந்தத் தமிழை டிவி நாடகங்களில் வருடக்கணக்காகக் கேட்டவர். ஒரு சொல் தவறாமல் விளங்கும்.

வணக்கம் சொன்னார்கள். பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். மாமி சின்னக் குரலில் பதில் சொன்னார். பிறகு அலுவலர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அது விளங்கியது. தமிழில் வரப்போவதைத் தடுக்க என்னால் முடியவில்லை.

"அம்மா, உங்க மாப்பிள்ளை உங்களை உட்கார விடுறதில்லையா? அவரைப் பார்த்து நீங்க பயப்படுறீங்களா? உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

மாமி தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அலுவலரின் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். பத்திரிகை, கதிரை, நான் வீட்டைவிட்டு வெளியே வெளியே போனது எல்லாம் அவருக்குள் ஒவ்வொன்றாகச் சேர்வதை நான் கண்டேன். பால் பொங்கி வந்தது. அவர் அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார். துடைத்தார். முந்தானையைத் தலைக்கு மேல் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு பலகையைத் தாண்டி ஹோலுக்குள் வந்தார்.

நான் இருக்கிற இடத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கடந்து போனார். ஜன்னலோரம் போய், ஒரு கணம் நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை. இரண்டு பாதமும் நிலத்தில் நன்றாகப் பதிந்திருந்தன.

"தம்பி" என்றார் தொலைபேசியைப் பார்த்து. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "நான் செல்றத அந்தப் புள்ளைக்கு அப்படியே செல்லுங்க. என்ட மருமகன் என்னை நிக்க வெக்கல்ல. நான்தான் நிண்டன். என்ட ஒரே புள்ளைய அவர்ட கையில குடுத்திரிக்கன். ஏழு கடலுக்கு அங்கால கொண்டுவந்து ராணி மாதிரி வெச்சிரிக்கார். அதுக்கு நான் அவருக்குக் குடுக்க என்னட்ட வேற ஒண்டுமில்ல, எழும்பி நிக்கிறதத் தவிர. அது குத்தமெண்டா குத்தஞ்செஞ்சது நான். அவர்ட பேர வெட்டிட்டு என்ட பேர எழுதச் செல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னார்.

மாமி என் பக்கம் திரும்பினார். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு, ஆனால் எனக்குத்தான், நேரே எனக்கு, சொன்னார்: "மருமகன், பொறுத்துக்கங்க. உங்கட கதிரையில இருந்திட்டன்."

பதினைந்து வருடத்தில் அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை மன்னிப்பாக இருந்தது. அழுகை வந்ததென்றே எழுதிவிடுகிறேன்.

அலுவலர் பேனையை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் குழம்பிய முகத்தோடு கேட்டார்:

"நீங்கள் ஏன் நிற்கிறீர்கள்? உட்காருங்கள்."

அப்போதுதான் பார்த்தேன். மடக்குக் கதிரை எனக்குப் பின்னால் சரிந்து கிடந்தது. நான் எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது.

"முடியாது" என்றேன். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

அலுவலர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். மூடிய பேனையைத் திரும்பவும் திறந்து, நீண்ட நேரம் எழுதினார்.

7

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, விசயம் மூடப்பட்டது என்று இரண்டு வரி. அதை ஸைனபிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள், மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

அன்று அலுவலர் போனதும் மாமி எழும்பி, உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். இரண்டு நாள் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வந்தது, யாரும் கதைத்துப் பேசி ஏற்படுத்தியதில்லை. நான் இல்லாத நேரத்தில் அவர் அந்தக் கதிரையில் இருந்து காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொள்வார். நான் வரும்போது திறப்பைப் போடாமல் மணியை அடித்துவிட்டு வெளியே இரண்டு நிமிடம் நிற்பேன். வேலைக்கும் ஒரு மணித்தியாலம் முந்திக் கிளம்பினேன். வீக்கம் வடிந்தது, டொக்டர் பறக்கலாம் என்றார். ஆறு மாதம் முடிந்து மாமி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

கதிரை ஜன்னலோரத்தில் அப்படியே இருக்கிறது. எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு அதில் சாய ஆசை இல்லாமல் இல்லை. இன்றுவரை இருந்ததில்லை. றிஸ்மியா வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணியால் அதைத் துடைக்கிறாள்.

போன ஞாயிறு ஸைனப் ஊருக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். செட்டியிலிருந்து இப்போது மாமியோடு தமிழில் தட்டுத்தடுமாறிக் கதைக்கிறாள். நான் குசினியிலிருந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொலைபேசிக்குள் என் தலை தெரிந்திருக்க வேண்டும். திரையில் மாமியின் முகம் சட்டென்று மேலே போனது. பிறகு சேலையும் வயிறும் சாய்ந்தமருது வீட்டுச் சுவரும் மட்டும்தான் தெரிந்தன. அங்கே எழும்பிவிட்டார்.

நானும் எழும்பினேன்.

மாமியின் தலை திரையில் இல்லை, என் தலையும் இருந்திருக்காது. ஒரு கதையும் இல்லாமல் இரண்டு பக்கமும் நின்றோம். பக்கத்தில் ஏதோ அசைந்ததாகத் தெரிந்து திரும்பிப் பார்த்தேன். ஸைனப் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க ஏன் மகள் எழும்பினீங்க?" என்று கேட்டேன்.

"தெரியா வாப்பா" என்றாள்.